மாமா பாஸில் விட்டுப்போன கேம்

அடாப்டர் சூடேறும்போது வரும் அந்த பிளாஸ்டிக் வாசனை... வீடியோ கேம் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். நீங்களெல்லாம் அதை எப்படி ஆஃப் செய்வீர்கள்?

எங்கள் காசிமேட்டுத் தெருவில் வீட்டுக்கு ஒரு வழக்கம். எதிர்வீட்டு சலீம் ஆட்டம் ஓடும்போதே கேசட்டைப் பிடுங்குவான். டிவியில் கலர் கலராகக் கோடு ஓடும், அதைப் பார்ப்பதற்காகவே பிடுங்குவான். மெர்சி அக்கா சுவிட்சை அமுக்கி, வயரைச் சுருட்டி, துண்டு போட்டு மூடுவார். பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி...

எங்கள் வீட்டில் அம்மாதான். "கண்ணு அவிஞ்சிடப் போவுது!" என்று ஒரே இழுப்பு. பிளக் கையோடு வந்துவிடும்.

அந்தப் பெட்டியில் சேவ் கிடையாது. அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

அம்மாவின் தம்பி குமார் மாமா, லாஞ்சில், அதாவது விசைப்படகில், மீன் பிடிக்கப் போகிறவர். கரையில் இருக்கும் நாளெல்லாம் என்னோடு டிவி முன்னால்தான். ஒரு மத்தியானம், முதல் தடவையாகக் கடைசி ஸ்டேஜுக்கு வந்துவிட்டார். நேரம் பார்த்து அப்போதுதானா வாசலில் ஆள் வந்து கூப்பிட வேண்டும்? லாஞ்சு கிளம்புகிறதாம்.

பாஸ் பட்டனை அமுக்கினார், ஆட்டம் அப்படியே நின்றது. டிவியை மட்டும் அணைத்தார்.

"யக்கா, டப்பாவ ஆஃப் பண்ணிடாத. வந்து முடிச்சிடறேன்."

"அதுவரிக்கும் கரண்டு பில்லு நம்ம நைனாவா வந்து கட்டுவாரு?"

திட்டினாரே தவிர, அம்மா பிடுங்கவில்லை. மறுநாள் பிளக் வரைக்கும் கை போனது. பெட்டியில் எரிந்த சிவப்பு லைட்டைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். கடலில் ஆள் இருக்கும்போது அவர் வைத்துவிட்டுப் போனதை அணைக்க மனசு வரவில்லை போல.

சொன்ன நாளில் லாஞ்சு வரவில்லை. கூடப் போன லாஞ்செல்லாம் திரும்பிவிட்டது...

அம்மா அடிக்கடி அடாப்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பது போல. ரொம்பச் சுட்டபோது டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டார். ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மே, எனுக்கு வேர்த்து ஊத்துது, அந்த டப்பாவுக்குக் காத்தா?"

"அவன் கரைக்கு வரட்டும்யா. அதுல கை வெச்ச... சோறு கெடையாது."

அப்பா பாயை எடுத்துக்கொண்டு போய் ஓரமாகப் படுத்தார். அவருக்கும் புரிந்திருந்தது.

கடைசியில் வேறொரு லாஞ்சு மாமாவின் லாஞ்சைக் கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் நின்றுவிட்டதாம். மாமா டீசல் வாசனையோடு உள்ளே வந்தார்.

"இன்னாக்கா, இன்னும் ஆன்லயா கீது?"

அம்மா டிவியைப் போட்டார். விட்ட இடம் அப்படியே நின்றது. மாமா உட்கார்ந்தார், பாஸை எடுத்தார், ஒரு தாவு தாவினார்... நேராகப் பள்ளத்தில். கேம் ஓவர்.

"இதுக்காடா நான் காத்தில்லாம படுத்தேன்?" என்றார் அப்பா.

அம்மா கண்ணில் தண்ணி வருகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் குனிந்து, பிளக்கை இழுக்காமல், மெதுவாக சுவிட்சை அமுக்கினார். அவர் அப்படி ஆஃப் செய்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது என் மகனுடைய மெஷின் அணைவதே இல்லை. ரெஸ்ட் மோடாம். ஆரஞ்சு லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. அது ஆஃபில் இருக்கிறதா, ஆனில் இருக்கிறதா? கேட்டால் "தூங்குதும்மா" என்கிறான். எங்கே விட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும், யாரும் காவல் இருக்க வேண்டாம்.

மாமா லாஞ்சை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் அம்மா என் மகனுடைய மெஷின் பக்கம் போகும்போதெல்லாம் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார், என் பக்கம் திரும்பிக் கேட்கிறார்:

"இன்னும் யாருடி கரைக்கு வரணும்?"