சமையலறைத் தரையில் ஒரு சூடு

பேய்க் கதை சொல்கிறவர்களில் பாதிப் பேர் பொய்யர்கள். மீதிப் பேர் அரைத்தூக்கத்தில் இருந்தவர்கள். நான் முழு விழிப்பில் இருந்தேன். என் வியாதியே அதுதான்.

1973. மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு. எனக்கு வயது நாற்பத்தெட்டு. தினமும் இரவு இரண்டே காலுக்கு உடம்பு தீயாய்ச் சுட, வேர்வையில் நனைந்து எழுந்துவிடுவேன். அப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது. தி. நகர் டாக்டர் என் நாடியைக்கூடத் தொடவில்லை. இந்த வயதில் எல்லாப் பெண்களுக்கும் நரம்புதான் என்றார். பெண் உடம்பில் நரம்பைத் தவிர வேறெதுவும் இருப்பதாக அவர் படித்ததில்லை போலும். என் கணவர் வேதாந்தத்தின் வைத்தியம் இன்னும் மலிவு. "ராமா ராமான்னு சொல்லிண்டு படுடி" என்பார். சொல்லி முடிப்பதற்குள் குறட்டை.

எனக்குத் தினசரிப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தும் வேலை. பகலில் கண் சொருகி, இரண்டு தலைப்புகளில் பிழையை விட்டேன். இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போகும்.

சமையலறையின் சிமெண்ட் தரை சில்லென்றிருக்கும். அங்கே போய்ப் படுப்பேன்.

ஆகஸ்ட் 9. மணி 2.20. படுத்தேன். தரை சுட்டது.

இப்போதுதான் யாரோ எழுந்து போனது போல... ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் சூடு. தடவிப் பார்த்தேன். ஈரம். வேர்வை...

மறுநாளும் அப்படியே.

நான்காம் நாள், 2.20. சூடு மெல்ல நகர்ந்தது...

எனக்கு இடம் விட்டு.

பக்கத்தில் ஒரு பெருமூச்சு.

கத்தினேன். வேதாந்தம் வந்தார். வேறெங்கோ தரையைத் தொட்டார். "மனப்பிராந்தி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

முன்பு அங்கே குடியிருந்த ரத்னா செத்துப் போயிருப்பாள் என்று நினைத்து, விசாரித்துக்கொண்டு ஆதம்பாக்கம் போனேன். கொழுகொழுவென்று உயிரோடிருந்தாள்.

"அங்க இருந்தவரைக்கும் கண்ணே மூடலைம்மா. இங்க வந்த அன்னிக்கே தூங்கிட்டேன். நீங்களும் வீட்டை மாத்திடுங்க."

மந்தைவெளிக்கு மாறினோம். முதல் இரவே ஆறு மணிவரை தூங்கினேன். வேலை பிழைத்தது. தன் ராம நாமம் பலித்ததாக வேதாந்தம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, எங்கள் பெயருக்கு வந்த தபாலை வாங்க மாம்பலம் போனேன். புதிதாகக் குடிவந்திருந்த நீரஜா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி சமையல் உள்ள ரெண்டு பேர் முழிச்சுண்டு படுத்துண்டிருக்கா. அதுல ஒருத்தி... நீங்கதான் மாமி."

தபாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவும் நன்றாகத் தூங்கினேன்.