இரண்டு அன்னக்கொடி

பள்ளி முடியும்வரை காலை வணக்க வரிசையில் அன்னக்கொடிதான் முதல் ஆள். வகுப்பில் அவளைவிடக் குட்டையாக யாரும் இல்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காடுகளில் கூலி வேலை பார்த்த சிவனாண்டிக்கும் பாண்டியம்மாளுக்கும் அவள் ஒருத்திதான். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. இன்ஜினியரிங் முடித்தவள் இப்போது மதுரை கோரிப்பாளையத்தில், சிக்னலைப் பார்த்த மாடியில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.

பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுத ஒரு மொழியை அங்கே உருவாக்கினார்கள். பிள்ளைகள் எழுதுவதை வரிவரியாகப் படித்து இயக்கும் இன்டர்பிரட்டர் அன்னக்கொடியின் பொறுப்பு. அது மந்தமாக ஓடியது. ஒரே சொல் நூறு முறை வந்தால் நினைவகத்தில் நூறு பிரதிகள் எடுத்தது. எனவே அவள் ஓர் அட்டவணை அமைத்தாள். ஒரு சொல் முதலில் வரும்போது அட்டவணையில் ஏறி ஒரு முகவரி வாங்கும். அதே சொல் மறுபடி வந்தால் புதுப் பிரதி கிடையாது, பழைய முகவரியே கிடைக்கும். இரண்டு சொற்கள் ஒன்றா என்று அறிய எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டாம். முகவரி ஒன்றா என்று பார்த்தால் போதும்.

சோதித்துப் பார்க்க, திரும்பத் திரும்ப வரும் தமிழ்ப் பெயர்கள் நிறைய வேண்டியிருந்தன. ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் மாமா மகன் நல்லகாமன், தன் கடையில் தட்டச்சு செய்த பழைய பிறப்புப் பதிவேட்டை அனுப்பிவைத்தான். நாற்பது பாண்டிகளும் ஒரே முகவரிக்குள் அடங்கினார்கள். ஒரு பெயர் மட்டும் இரண்டு முகவரிகளில் நின்றது.

பக்கத்து மேசை சாதிகாவை அழைத்துக் காட்டினாள்.

"ஒரே பேரு ரெண்டா நிக்குது, பாரு."

"எந்தப் பேரு?"

"என் பேரு."

சாதிகா திரையை உற்றுப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. பைட்டாப் பிரிச்சுப் பாரு அன்னம்."

பிரித்ததும் புரிந்தது. தட்டச்சு செய்தவர்கள் இருவர். ஒருவர் 'கொ'வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக அடித்திருந்தார். மற்றவர் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போட்டிருந்தார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சொல் அட்டவணைக்குள் போகும் முன்பே அவற்றை ஒரே வடிவமாக்க நான்கு வரி சேர்த்தால் போதும்.

சேர்ப்பதற்கு முன் அந்த இரண்டு பதிவுகளையும் முழுதாகத் திறந்தாள். இரண்டிலும் அப்பா சிவனாண்டி, அம்மா பாண்டியம்மாள், அதே கதவிலக்கம். ஒன்றில் ஜூன் 1992. மற்றதில் அக்டோபர் 1994. அவள் சான்றிதழில் இருப்பது 1992.

நான்கு வரிகளையும் எழுதி ஓட்டினாள். பெயர் ஒன்றானது. முதலில் வந்தது தங்கும், பின்னால் வந்தது அழியும் என்பது அவளே வைத்த விதி. 1994ஆம் ஆண்டுப் பதிவிலிருந்த பெயரின் பிரதி நீக்கப்பட்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது பாண்டியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பதிவேட்டுல என் பேரு ரெண்டு எடத்துல இருக்கு. தொண்ணூத்திரெண்டுல பொறந்தது யாரும்மா?"

"ஒனக்கு மூத்தவ." பாண்டியம்மாள் வாளியைக் கீழே வைக்கவில்லை. "ஒன்றர வயசுல காய்ச்சல்ல போயிட்டா. நீ பொறந்ததும் அதே பேர வச்சோம். பள்ளிக்கொடத்துல பதிவு கேட்டாக. பெட்டியில அவளுது இருந்துச்சு. அதக் குடுத்துச் சேத்துட்டோம். ஒனக்கு அப்ப நாலு வயசுகூட ஆகல பாப்பா."

"என்னைப் பாப்பான்னுதான் கூப்புடுற. பேரச் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லம்மா."

மாடு குடித்து முடித்துத் தலையைத் தூக்கியது.

"ஒருக்கா கூப்பிட்டேன். நீ வெளிய வெளாடுறன்னு நெனச்சு, களத்துல நின்னு பேரச் சொல்லிச் சத்தம் போட்டேன். ஓடைப் பக்கமிருந்து 'வாரேம்மா'ன்னு கொரலு வந்துச்சு. வீட்டுக்குள்ள போனா நீ பாயில தூங்குற."

"பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருக்கும்."

"இருக்கும். அவ இருந்திருந்தா அப்ப ஆறு வயசு. கொரலும் அம்புட்டு வயசுக் கொரலுதான்." வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். "இன்னொரு தடவ கூப்பிட்டா எவ வருவான்னு எனக்குத் தெரியாதுல்ல."

அன்னக்கொடி அடுத்த வாரம் லீவு போட்டாள். மூத்தவளின் இறப்பையாவது பதிந்துவிட வேண்டும் என்று தோன்றியது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் படிவம் வாங்கி, இறந்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். மூத்தவளின் பிறந்த தேதியையும் எழுதினாள். அங்கிருந்த பெண் ஊழியர் படிவத்தையும் அவள் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரு, அப்பா பேரு, தேதி எல்லாம் ஒங்களோடதாவே இருக்கேம்மா. இதப் பதிஞ்சா, உயிரோட இருக்கது யாருன்னு நீங்கதான் நிரூபிக்கணும். ஒங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

1994ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றுதான் இருந்தது, அந்தப் பிள்ளை இவள்தான் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. படிப்பு, வேலை, வங்கி, ஓட்டு எல்லாமே மூத்தவளின் தேதியில்தான் இருந்தன. அவள் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மொழி பள்ளிகளுக்குப் போய்விட்டது. வேகமாக ஓடுகிறது, புகார் எதுவும் இல்லை. படிவம் அவளுடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் இன்னும் காலி.