நடக்காத கல்யாணத்துக்குச் சாட்சி

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எங்கள் விசா விஷயத்தில் அந்த ஆண்டி நான்தான். யாரும் கேட்காத ஒரு காகிதத்தை நானாகக் கேட்டு வாங்கி, நானாகவே விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினேன். அது என் புருஷனுக்கு இன்னொரு பெண்டாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது.

அவர் அப்போது ஹாலந்தில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அதில் சேர்ந்து இருந்தது ஐந்து மாதம்; மிச்சமெல்லாம் போனில் நடத்திய குடித்தனம். நான் அனுப்பம்பட்டில் நெல் விதைக்கிற வீட்டுப் பெண். பொன்னேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரசீது போடும் வேலை. அவரைப் பார்த்தது, பழகியது எல்லாம் மின்சார ரயிலில்தான். கல்யாணத்துக்குப் பிறகு பழவேற்காட்டுக்குப் பக்கத்துக் குப்பத்தில், ஏரியைப் பார்த்த மாமனார் வீட்டில் இருந்துகொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். மாமியார் முன்பே தவறிவிட்டார். வீட்டில் மாமாவும் நானும் மட்டும்.

மனைவி என்ற முறையில் நான் போய்ச் சேர்ந்து வாழ்வதற்கு அவர் அங்கே விண்ணப்பம் போட்டார். இங்கிருந்து காகிதங்கள் அனுப்புவது என் வேலை. சார்பதிவாளர் ஆபீஸ் சான்றிதழ், நாங்கள் சேர்ந்து எடுத்த படங்கள், பேசிய போன்களின் பட்டியல், டச்சு மொழித் தேர்வில் நான் தேறிய தாள் எல்லாம் சேர்ந்தன. கடைத்தெரு டீக்கடைக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "டச்சுக்காரன் இங்க வந்து கோட்டை கட்னான், கல்லறையும் கட்னான். எவன்கிட்டமா விசா கேட்டான்? உன்னிய மட்டும் பரீட்சை எழுதச் சொல்றான் பாரு" என்பார். சிரித்துவிட்டுப் போவேன். உள்ளுக்குள் உதறல்தான். எங்களுடையது பத்துப் பேர் நின்ற கல்யாணம். படமும் சொற்பம். பொய்க் கல்யாணம் என்று அவர்கள் நினைத்துவிட்டால் என்ன செய்வது?

அந்தப் பயத்தில்தான், மேலுக்கு ஒன்று இருக்கட்டுமே என்று, குப்பத்துக் குடும்பங்களின் கணக்கெழுதும் ஊர் நோட்டை வைத்திருப்பவரிடம் போனேன். "எங்க வீட்டுக்காரர் இந்த ஊரு, இந்தக் குடும்பம்னு ஒரு லெட்டர் குடுங்கண்ணா" என்றேன். அவர் நோட்டைப் புரட்டி, பார்த்துப் பார்த்து நாலு வரி எழுதி, ஊர் முத்திரையை அழுத்திக் கொடுத்தார். நான் பார்த்தது முத்திரையைத்தான். நாலு வரியைப் படிக்க எனக்கு நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. சென்னையில் மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்தேன், வாங்கினேன், அனுப்பினேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சொல்வாள். அவள் சொன்னதெல்லாம் பலிக்கிற ராசி எனக்கு.

மூன்று வாரம் கழித்து, நான் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து போன். அவருக்கு அது வேலை நேரம்.

"இன்னா பேப்பர் அனுப்புன நீ?"

 ஹாலந்துக் குடியேற்றத் துறையிலிருந்து கேள்வி வந்திருந்தது. நீங்கள் இரண்டரை வருடத்துக்கு முன் திருமணம் செய்ததாகச் சொல்கிறீர்கள். உங்கள் ஊரார் கொடுத்த கடிதம், நீங்கள் ஆறு வருடமாகத் திருமணமானவர் என்கிறது. முந்தைய மனைவி யார்? விவாகரத்து நடந்ததா? பதினான்கு நாளுக்குள் ஆதாரத்தோடு பதில் வேண்டும். இல்லையென்றால் கையில் உள்ளதை வைத்து முடிவு செய்வோம்.

அவர் படித்துக் காட்டி முடித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி விசாவைப் பற்றியது அல்ல. "யாருயா அவ?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதையெல்லாம் ஓடிப்போய்விடும்.

"எவளும் இல்ல. ஏரிப் பாட்டுக்காக நைனா என் பேர ஊரு நோட்டுல ஏத்திட்டாரு, அவ்ளோதான்."

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அதற்குத்தான் பாடு என்று பேர். சீட்டில் பேர் ஏற வேண்டுமென்றால் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். ஆகாதவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் அப்பன் படகில்தான் போகணும். ஆறு வருடத்துக்கு முன் இவருக்கு அத்தை மகளைப் பேசி முடித்திருக்கிறார்கள். சீட்டு நாள் முந்தி வந்தது, கல்யாண நாள் பிந்தி வந்தது. ஒரு மாதத்துக்காக ஒரு வருடம் வீணாவதா என்று மாமா கேட்க, ஊரும் சரியென்று கல்யாணம் ஆனவர்கள் வரிசையில் இவர் பேரை முன்கூட்டியே எழுதிவிட்டது. கல்யாணம் நின்றுபோனது. எழுதிய பேரை யாரும் அடிக்கவில்லை. பிள்ளை வெளிநாடு போன பிறகும் அந்த முறையில் மாமா ஆள் வைத்து வலை கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நிஜமாகக் கல்யாணம் செய்துகொண்டபோது, பேர்தான் ஏற்கனவே இருக்கிறதே என்று நோட்டைத் திறக்கவே இல்லை.

"ஏன் நின்னுச்சி?"

"அந்தப் பொண்ணுக்கு வலிப்பு. தெரிஞ்சதும் நான் வேணாம்னுட்டேன்."

ஊருக்கே தெரிந்த சங்கதி எனக்கு மட்டும் தெரியவில்லை. குழாயடியில் என்னோடு பேசுகிற ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருக்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கு அடியில் இன்னொரு பயம் இருந்தது. ஒருவேளை தாலியே கட்டியிருந்தால்? மொத்த ஊரும் சேர்ந்து மறைக்கிறது என்றால்? பேசி முடித்ததையே என்னிடம் சொல்லாதவர், கட்டி விட்டதை மட்டும் சொல்லிவிடுவாரா?

நோட்டுக்காரரிடம் ஓடினேன். "நோட்டுல இருக்கறதத்தானேம்மா எழுத முடியும்" என்றார். மாற்றி எழுத மாமா ஊர்க்கூட்டத்தில் வந்து கேட்கவேண்டும். நின்றுபோன கல்யாணம் என்பதால் அந்தப் பெண்ணின் வாக்கும் வேண்டும். மாமாவிடம் கேட்டேன். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்தப் பேர அடிச்சா பாடு பூடும். இத்தினி வருஷம் பொய் சொல்லி எடுத்தியேன்னு ஊரு கேக்கும். இன்னா பதில் சொல்றது நானு?"

"அடிக்கலன்னா நான் இங்கயே கெடக்கணும் மாமா. அவரு அங்கயே கெடக்கணும்."

"வேற பேப்பர் குடு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து நான் சோறு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. நாலு நாள் இப்படிப் போனது.

ஐந்தாம் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எளாவூருக்கு ரயில் ஏறினேன். அத்தை மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆந்திர எல்லைச் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில், அவள் வீட்டுக்காரரின் பஞ்சர் கடை. நோயாளியைப் பார்க்கப் போகிற நினைப்பில் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். இடுப்பில் பெண் குழந்தையோடு ஒருத்தி, ஒற்றைக் கையால் லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். அவள்தான்.

நான் யாரென்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். வலிப்பு என்ற வார்த்தையை எவ்வளவோ மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையை இறக்கிவிட்டு எனக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் வேணாம்னேன்கா. கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாளுக்கு முன்னாடி, மாமா வூட்டுக்கு நேரா வந்து சொன்னேன். எனக்கு இப்ப கட்டிகினு இருக்கற இவரப் புடிச்சிருந்துச்சி. பொண்ணு வேணாம்னுச்சின்னா மானம் பூடும்னு மாமா ஊரு பூரா எனக்கு வலிப்புன்னு சொல்லிட்டாரு. மச்சான் பக்கத்துலயே நின்னுகினு இருந்துச்சி. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லல."

"அப்புறம்?"

"இவரு வூட்லயும் அதக் கேட்டுட்டு வேணாம்னுட்டாங்க. ரெண்டு வருஷம் இழுத்துச்சி. டாக்டர் சீட்டு காட்னாக்கூட நம்பலக்கா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தாலி கட்டவில்லை என்று தெரிந்து வந்த நிம்மதி ஒரு பக்கம். அந்த நிம்மதியை அனுபவிக்க விடாமல் வெட்கம் ஒரு பக்கம். நான் ரயிலில் பார்த்து ஆசைப்பட்ட ஆள் இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர்தானா?

"எழுதித் தரேன்" என்றாள் அவள். "ஆனா நான் சொல்றதத்தான் எழுதணும். கல்யாணம் நடக்கலன்னு எழுது. வேணாம்னு சொன்னது நானுன்னு எழுது. எனக்கு எந்த நோயும் இல்லன்னும் எழுது. மூணும் இருந்தா கையெழுத்து. ஊர்க்கூட்டத்துல படிக்கும்போது நானும் இருப்பேன்."

அன்று சாயங்காலம் அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூன்று வரியையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மொத வரி போதும்ல?" என்றார். "கல்யாணம் நடக்கலன்னு இருந்தா போதும். அவங்க கேட்டது அதான். மத்ததெல்லாம் எதுக்கு? ஊர்ல நைனா தல நிமிர்ந்து நடக்க வாணாமா?"

"அவ நடக்க வாணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

பத்தாம் நாள் அவள் பொன்னேரிக்கு வந்தாள். நோட்டரி முன்னால் மூன்று வரியையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் குழந்தையோடு என்கூட பஸ் ஏறினாள். அன்று சாயங்காலமே ஊரைக் கூட்டச் சொல்லி நோட்டுக்காரரிடம் கேட்டு வைத்திருந்தேன். மாமா கூட்டத்துக்கு வராவிட்டால் எல்லாம் வீண். இன்னும் நாலே நாள் இருந்தது.

வீட்டு வாசலில் மாமா வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சொந்தத் தங்கை மகள். ஆறு வருடம் கழித்து அந்த வாசலில் கால் வைக்கிறாள்.

"நல்லா கீறியா மாமா?" என்றாள்.

அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். அவ்வளவுதான், கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஊர் கூடுகிற கோயில் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் கூடிவிட்டது. நோட்டுக்காரர் அவள் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். மூன்றாவது வரியில் அவர் குரல் இறங்கியது. "கேக்கல, இன்னொரு தபா படிங்க" என்றாள் அவள். அவர் மறுபடி படித்தார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். குழாயடிப் பெண்கள் மாமாவைப் பார்த்தார்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "இன்னாபா, இது நெசமா?"

மாமா மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.  அவர் இல்லை என்று சொன்னால் என் வாழ்க்கை இந்த ஏரிக்கரையிலேயே முடிந்தது.

"நெசம்தான். பொண்ணு மேல தப்பு இல்ல. பொய் சொன்னது நானு" என்றார்.

பேரை அடித்தார்கள். வெளிநாட்டில் இருப்பவனுக்கு இனிப் பாடு கிடையாது என்றும், பொய்யாக எடுத்த வருடங்களுக்கு ஈடாக மாமா தன் முறையிலும் பாதியை ஊருக்கு விடவேண்டும் என்றும் சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் கையில் புதுக் கடிதத்தைக் கொடுத்தார்கள். இந்த முறை அதை அங்கேயே நின்று நாலு தடவை படித்தேன்.

பன்னிரண்டாம் நாள், மொழிபெயர்த்து மெயிலில் அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் ஐந்து வாரம் காத்திருந்தோம். தினமும் போன் வரும். சாப்பிட்டியா, மழையா, ஏதாவது வந்துச்சா என்பதோடு சரி. இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாமா ஏரிக்குப் போகிற நாட்கள் குறைந்துவிட்டன. வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கேட்காமலே டீ போட்டுக் கொடுப்பேன்.

அனுமதி வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டி வாங்கிய அன்றைக்கு அவர் போனில் சின்னப் பிள்ளையைப் போலக் கத்தினார். "டிக்கெட் போட்டுடவா? வெள்ளிக்கெழமை போடவா?"

எனக்கும் அழுகை வந்தது. இரண்டரை வருடம் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் வாய் வேறு சொன்னது.

"அவ நம்பர் அனுப்பிருக்கேன். மொதல்ல அவகிட்ட பேசு. பேசிட்டு டிக்கெட் போடு."

"இப்ப போய் இன்னான்னு பேசறது?"

"அது உன் இஷ்டம்" என்றேன்.

ஒரு நாள் போனது. இரண்டு நாள், மூன்று நாள். எனக்கும் போன் வரவில்லை. அந்த அரசாங்கம் கொடுத்த பதினான்கு நாளில்கூட நான் இப்படித் தவிக்கவில்லை. அங்கே மறுத்தால் அவர்களைத் திட்டலாம். இவர் பேசாமலே இருந்துவிட்டால் நான் யாரைத் திட்டுவது? விசா இருக்கிறதே என்று வெட்கம் கெட்டுக் கிளம்பிவிடுவேனோ என்றும் பயந்தேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

நாலாம் நாள் மத்தியானம் ரசீது போட்டுக்கொண்டிருந்தேன். எளாவூரிலிருந்து போன்.

"மச்சான் பேசிச்சிக்கா."

"இன்னா சொல்லிச்சி?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் அழுதுகினே இருந்துச்சி. நானும் வைக்காம கேட்டுகினு இருந்தேன். அப்பறமா, பாப்பாக்கு இன்னா பேரு வச்சிருக்கன்னு கேட்டுச்சி."

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "நீ கெளம்புக்கா" என்றாள்.