மேட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

ஜூஜுவாடியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எந்தக் கம்பெனி வாசலிலாவது வெள்ளைக் கூழாங்கல்லுக்கு நடுவே கள்ளிச்செடிகள் அழகாக நின்றால், அது என் கைவேலையாகத்தான் இருக்கும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குச் சொந்தமாக நர்சரி, லாரி, மாடி வீடு. பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஏன் சொல்லக்கூடாது? ஆனால் நான் முதன்முதலில் பார்த்த கள்ளித்தோட்டம், என் அப்பாவின் வேலையைத் தின்ற தோட்டம்.

அந்தத் தோட்டம் போட்ட கம்பெனி எங்கள் ராகிக் காட்டைத்தான் வாங்கியது. அப்பாவுக்கு அங்கேயே தோட்ட வேலையும் கொடுத்தது. நிலம் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. பெங்களூரிலிருந்து ஒரு டிசைன் அம்மா வந்து, பாலைவனம் மாதிரியே தோட்டம் போட்டார். செம்மண்ணில் வளைவு வளைவாகக் கோடு கிழித்து, நெட்டைக் கள்ளியைப் பின்னாலும் உருண்டைக் கள்ளியை முன்னாலும் வைத்தார். மூலையில் இருந்த சின்ன மேட்டை மட்டும் இடிக்க விடவில்லை. "இது சூப்பரா இருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்று அதன்மேல் உருண்டைக் கள்ளிகளை வட்டமாக நடச் சொன்னார். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

லீவு நாளில் அப்பாவுக்குக் கூழ் கொண்டுபோவேன். அந்த மேட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றுவார். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். தினமும் அப்படித்தான்.

"முள்ளுல போயி யாராச்சும் செருப்பக் கழட்டுவாங்களாப்பா?" என்று சிரிப்பேன்.

சூப்பர்வைசரும் விடமாட்டார். "அப்படியே பவுடர் போட்டு பொட்டு வெச்சு விடுண்ணே, பொண்ணு பாக்க வராங்க!"

கள்ளிக்குத் தினமும் தண்ணீர் ஆகாது. வெளியே பச்சையாக நிற்கும், உள்ளே அழுகும். ஒருநாள் டிசைன் அம்மா குச்சியால் ஒன்றைத் தொட்டார். அது சாய்ந்து நாறியது. மேட்டில் இருந்த அத்தனையும் அப்படியே.

"எத்தன வாட்டி சொன்னேன்? இது ராகிக் காடாப்பா?"

"இல்லீங்கம்மா."

"இனிமே ஊத்தமாட்டேன்னு சொல்லு. வேலைல இரு."

அப்பா மேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சொல்லுப்பா" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார். செருப்பு மேட்டடியிலேயே கிடந்தது. அம்மா வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "இனி அவனுக்கு யாருங்க தண்ணி ஊத்துவாங்க?" என்று மட்டும் கேட்டு அழுதாள்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்ததும், நடக்கப் பழகுமுன்பே காய்ச்சலில் போனதும், அவனைக் காட்டு மூலையில் புதைத்ததும் நான் மீசை முளைத்த பிறகு தெரிந்துகொண்டவை. அன்றைக்கு, செருப்பு போனதற்குத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்துக் கம்பெனிக்கு ஓடினேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கம்பி வழியாகப் பார்த்தேன். இரண்டு ஆட்கள் மண்வெட்டியால் அந்த மேட்டைக் கொத்திச் சமன் செய்துகொண்டிருந்தார்கள்.

"அங்க எங்கப்பா செருப்பு கெடக்குது, பாத்து வெட்டுங்கண்ணா!" என்று கத்தினேன்.