ரைட் சொன்னால்தான் வண்டி நகரும்

என் தங்கை புருஷன், அதாவது என் மச்சான், காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு பழைய கார் ஒன்று வாங்கினார். வண்டிதான் சின்னதானதே தவிர ஆள் மாறவில்லை. உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, சாவியைத் திருகிவிட்டு அப்படியே பிள்ளையார் மாதிரி இருப்பார். பின்னாலிருந்து யாராவது "ரைட்" என்று சொன்னால்தான் வண்டி நகரும். "போலாம்" என்றால் நகராது. "கிளம்புங்க" என்றாலும் நகராது. ஒரு தடவை நான் விவரம் தெரியாமல் முன் இருக்கையில் ஏறிவிட்டேன். "மச்சான், டிரைவர் பக்கத்துல யாரும் உக்காரக்கூடாது" என்று இறக்கிப் பின்னால் அனுப்பினார்.

அதனால் என் தங்கைக்கு எப்போதும் பின் இருக்கைதான். காய்கறி வாங்கப் போனாலும் அப்படித்தான் போவார்கள். பார்க்கிறவர்கள், இவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது. பிள்ளைகள் வீட்டில் இருந்தவரை சண்டை போட நேரம் ஏது? மகன் வேலைக்கென்று வெளிநாடு போய், மகளையும் கட்டிக் கொடுத்த பிறகு, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலேயே அரை நாள் ஓடியது.

மகள் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. பெற்ற வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலையை வாசலில் கழற்றி வைக்க மாட்டாள். "அப்பா, இந்த ஒயர் எத்தனை நாளா இப்படித் தொங்குது?" என்றுதான் உள்ளேயே வருவாள். அதனால் அவளுடைய ஐந்து வயது மகள் விடுமுறைக்கெல்லாம் சம்பந்தி வீட்டுக்குத்தான் போவாள். அங்கே ஊஞ்சல் இருந்தது, தோட்டம் இருந்தது, ஒயர் தொங்கவில்லை. சம்பந்தியம்மா போன் செய்து, "குழந்தை இங்க வந்து ஒரு சுத்து பெருத்துட்டா" என்று சொல்லும் நாளில் என் தங்கைக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் மகள் மனசு இளகினாள். "நாளைக்கு அவள மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. ஒரு குறையும் இல்லாம திரும்பி வந்தா லீவு முழுக்க இங்கயே விடறேன். ஏதாவது ஏடாகூடமா ஆச்சு, அத்தை வீட்டுக்குத்தான் அனுப்புவேன்."

மறுநாள் காலையில் வண்டி கிளம்புவதற்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. என் தங்கை புதுச் சாலையில் போகலாம் என்றாள். மச்சான், தான் பேருந்து ஓட்டிய பழைய சாலைதான் சாலை என்றார்.

"அதுல பாதி குழி."

"அந்தக் குழியெல்லாம் எனக்குத் தெரிஞ்ச குழி."

"சரி. எப்படியோ போங்க. இனிமே ரைட்டைத் தவிர என் வாயில ஒரு வார்த்தை வராது."

பேத்திக்கும் மச்சான் சட்டம் சொல்லிக் கொடுத்தார். "வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக்கூடாது. என்ன?" அவள் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள்.

போனார்கள், ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார்கள், துணியில் செய்த ஒட்டகச்சிவிங்கி ஒன்றும் வாங்கினார்கள். திரும்பும்போது பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டி நின்றது. மச்சான் இறங்கிக் காற்றுப் பிடிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என் தங்கை, பேசுவதில்லை என்ற வீம்பில் அவரிடம் சொல்லாமல், "பாட்டி இப்ப வந்துடறேன்" என்று பேத்தியிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். போகும்போது, பேத்தி சாய்ந்துகொள்ளக் கொண்டுவந்த இரண்டு தலையணைகளையும், அவள் பக்கவாட்டில் சரியாமலிருக்கத் தன் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே தன் சால்வையைப் போட்டுவிட்டுப் போனாள்.

மச்சான் வந்தார். உட்கார்ந்தார். பெல்ட், கண்ணாடி, சாவி. கண்ணாடியில் சால்வை தெரிந்தது. காத்திருந்தார். பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. இன்னும் காத்திருந்தார். பேத்திக்குத் தாத்தாவைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். காலையிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்க நாக்கும் ஊறியிருக்கும்.

"ரைட்!"

வண்டி புறப்பட்டுவிட்டது.

இங்கே என் போன் அடித்தது. யார் நம்பரோ.

"அண்ணே, உன் மச்சான் என்னை நடுரோட்டுல விட்டுட்டுப் போய்ட்டாரு."

"கோபத்துலயா?"

"கோபமா இருந்தாத் தேவலையே! மறந்து போய்ட்டாரு. போன் வண்டியில கிடக்குது. எனக்கு உன் நம்பர் ஒண்ணுதான் மனப்பாடம், பெட்ரோல் போடற பொண்ணுகிட்ட போன் வாங்கிப் பேசறேன். அது கிடக்கட்டும், ரைட் சொன்னது யாருண்ணே? நான் சொல்லாம எப்படி நகர்ந்தாரு?" அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பிறகுதான் குரல் இறங்கியது. "என் பொண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டாம்ணே. சம்பந்தியம்மாவுக்கு ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

எனக்கு ஆச்சரியமில்லை. அவர்கள் வம்சத்திலேயே திரும்பிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. மச்சானுடைய சித்தப்பா, அதாவது என் பெரிய அத்தையின் கடைசி மகளைக் கட்டியவர், சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த சித்தி வழியில் இறங்கியது தெரியாமல் வீட்டு வாசல் வரை பேசிக்கொண்டே போனவர்.

மச்சானுக்குப் போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். தங்கை நம்பருக்கே போட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு பேத்தி எடுத்தாள்.

"கண்ணு, பாட்டி எங்க?"

"இல்ல. தலையணைதான் இருக்கு."

"தாத்தாகிட்ட சொல்லலையா?"

"வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக்கூடாது."

"இப்ப பேசலாம். நான் சொல்றேன்ல?"

"நீங்க டிரைவரா?"

"இல்லம்மா."

"அப்ப முடியாது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பிறகுதான் புத்தி வேலை செய்தது. "நீதானே ரைட் சொன்னே? அப்ப நீ கண்டக்டர். கண்டக்டர் வண்டிய நிறுத்தலாம். ஹோல்டான்னு சத்தமாச் சொல்லு."

"ஹோல்டான்!"

பிரேக் சத்தம் என் காதில் விழுந்தது. அதற்குப் பின் மச்சான் குரல். "என்னம்மா?"

"பாட்டி ஏறல தாத்தா."

"ஏறலையா? அப்ப நான் இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசிட்டு வந்தேன்?"

"தலையணைகிட்ட."

வண்டி திரும்பியது. என் தங்கை பங்க்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணிடம் மச்சானின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாளாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து ஏறினாள். மச்சான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டி நின்றுகொண்டிருந்ததால் பேத்தி தாராளமாகப் பேசினாள்.

"பாட்டி, தாத்தா தலையணைகிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? நீ சொன்ன ரோடுதான் நல்ல ரோடு, நான்தான் வீம்பு பண்ணிட்டேன், கோச்சுக்காதன்னு சொன்னாரு."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. "அப்படியா? எங்கிட்டச் சொல்லுங்க."

"அதான் சொல்லியாச்சே."

"தலையணைக்குச் சொன்னது எனக்கு எப்படி வந்து சேரும்?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். முதல்ல ரைட் சொல்லு."

"முதல்ல நீங்க சொல்லுங்க."

பெட்ரோல் போட வந்த வண்டிகள் பின்னால் வரிசை கட்டி ஹார்ன் அடித்தன. பேத்தி வாயைத் திறக்கப் போனாள். என் தங்கை அதைக் கையால் பொத்திவிட்டாள். கடைசியில் மச்சான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் வீம்பு பண்ணிட்டேன். கோச்சுக்காத" என்றார்.

"ரைட்" என்றாள் என் தங்கை.

வழியெல்லாம் பேத்திக்குப் பாடம் நடந்தது. அம்மாவிடம் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அவளும் சரி சரி என்று தலையாட்டினாள். மகள் கதவைத் திறந்து, "எப்படி இருந்துச்சு?" என்றதுதான் தாமதம்.

"பாட்டிய விட்டுட்டு வந்துட்டோம்மா! அப்புறம் போய் எடுத்துட்டு வந்தோம்."

மகள் மூன்று பேரையும் வரிசையாக உட்கார வைத்து விசாரித்தாள். யார் ரைட் சொன்னது, யார் போனை எடுத்தது, யார் வண்டியை நிறுத்தியது என்று ஒன்று விடாமல் கேட்டாள். என் தங்கை பதில் சொல்லிக்கொண்டே பேத்தியின் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கிவிட்டாள். சம்பந்தியம்மாவின் சிரித்த முகம் அவள் கண்முன்னே வந்து நின்றிருக்கும்.

"அத ஏம்மா எடுத்து வைக்கறீங்க?" என்றாள் மகள். "அவ இங்கயே இருக்கட்டும். உங்க ரெண்டு பேரையும் தனியா விட எனக்குத்தான் பயமா இருக்கு. பொறுப்பா ஒரு ஆளாவது இந்த வீட்டுல வேணும்."

போன வாரம் அந்த வண்டியில் நானும் ஏறினேன். பேத்தி முதலில் எல்லோர் முழங்காலையும் தொட்டுப் பார்த்தாள். தலையணைகள் டிக்கியில் அடைபட்டிருந்தன. ரைட் சொல்வதற்கு முன் புதுச் சட்டத்தையும் எனக்கு விளக்கினாள்: வண்டி ஓடும்போது பாட்டி பேசிக்கொண்டே வர வேண்டும். பேச்சு நின்றால் ஹோல்டான்.

என் தங்கைக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. போகிற இடம் வரை மூச்சு விடாமல் பேசினாள். மச்சான் கண்ணாடி வழியாக என்னை ஒரு தடவை பார்த்தார். டிரைவர்கிட்ட பேசக்கூடாது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.