ஐஸ் வைத்தால் கெடாதே!

இரண்டு வருடத்துக்கு முன், தவக்காலத்தில் நடந்தது இது. நாங்கள் ராயபுரம் கல்மண்டபம் பக்கம். வீட்டுக்காரருக்கு ஹார்பரில் லோடு வேலை. நான் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். பித்தப்பையில் கல்லோ என்று அவருக்கு ஸ்கேன் எடுக்கப் போனால், கிட்னியில் கட்டி என்றார்கள். சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய்தான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், "கிழிக்க வேணாம்மா. முதுகு வழியா ஊசி மாதிரி கம்பிய விட்டு, கட்டிய மட்டும் உறைய வச்சிடுவோம். செத்துடும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் கெடாமல் இருக்கத்தானே தினமும் ஐஸ் கொட்டுகிறேன்? அந்தக் கட்டியையும் கெடாமல் காப்பாற்றப் போகிறார்களா? விவரம் தெரியாதவர்கள் என்று எங்களை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

"ஐஸ் வச்சா எதுனா சாவுமா? மீன்காரி என்கிட்டயே சொல்றியா? யோவ், எந்திரி, வூட்டுக்குப் போலாம். மாதா பாத்துப்பாங்க" என்று கத்தி, அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இவ சொல்ட்டா அப்பீலே கெடயாது டாக்டரம்மா" என்று சிரிக்கப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "கல்லு மாதிரி உறைஞ்ச மீன் உருகி, திரும்ப உறைஞ்சு, திரும்ப உருகினா எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"நொந்து பூடும். தண்ணி வுட்டுக்கினு கொழகொழன்னு..." சொல்லும்போதே, இழுத்துக்கொண்டிருந்த அவர் கையை விட்டுவிட்டேன்.

"அதேதான் செய்யப்போறோம். ரெண்டு தடவ உறைய வச்சு உருக விடுவோம். கட்டி சின்னதா இருக்கறதாலதான் இது முடியுது."

கதவுவரை வந்துவிட்ட நான் அப்படியே நின்றேன். "இன்னாமே, குந்தட்டுமா?" என்றார் இவர். நான் திரும்பி வந்து முதல் ஆளாக உட்கார்ந்தேன்.

அந்த வாரமே செய்தார்கள். வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும் முதுகைப் பார்த்தால், ஒரு சின்ன பிளாஸ்திரி! மறுநாள் தானே நடந்து வந்து ஆட்டோவில் ஏறினார். பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி செத்துவிட்டது என்றார்கள். இன்னும் சொன்ன தேதிக்குத் தவறாமல் போய்ப் பார்த்து வருகிறோம்.

அன்று மாதா பேரைச் சொல்லித்தான் அவரை வெளியே இழுத்தேன். அதே மாதாதான் அந்தச் சின்னப் பெண்ணின் வாயால் என்னைத் தடுத்தார் என்று நம்புகிறேன். அந்தக் கேள்வி காதில் விழுமுன் கதவைத் திறந்து வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?