செருப்போடு உள்ளே வாருங்கள்

எங்கள் வீட்டுச் சாமிமேல் மழைக்கு என்ன கோபமோ, ஹட்டனில் எப்போது பெய்தாலும் சாமிப் படங்கள் இருந்த சுவரைத் தேடி வந்து இறங்கும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு டவுனுக்கு வாடகைக்கு வந்த புதிது. கீழே வீட்டுக்காரருடைய பலசரக்குக் கடை, மேலே நாங்கள். லயத்திலும் கூரை ஒழுகத்தான் செய்தது. ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம். டவுன் வீட்டுத் தண்ணீர் வாளிக்குள் விழவில்லை. தகரக் கூரையிலிருந்து சுவருக்குள்ளேயே இறங்கி, சுவிட்சுக்குப் பின்னால் போய்க் குடியேறிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்த அம்மா, விளக்கேற்றப் போகும்போது சாமிப் பலகையைத் தாங்கிய இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டார். அதில் கரண்டு ஏறியிருந்தது. அம்மா பின்னால் போய் விழுந்தார். எண்ணெய்க் கிண்ணம் என் மடியில் விழுந்தது. நான் ஓவென்று அழுதேன். அம்மாவுக்காக அழுதேனா, பள்ளிக்கூட வெள்ளைக் கவுனுக்காக அழுதேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்பா அன்றே சட்டம் போட்டார்.

"கூரைய சரி பண்ற வரைக்கும் வீட்டுக்குள்ளயும் ரப்பர் செருப்பு போடணும். அந்தச் செவுத்த யாரும் தொடக்கூடாது."

"சாமி முன்னாடி செருப்போட நிக்கவா?" என்றார் அம்மா. "அதுக்கு கரண்டே அடிக்கட்டும்."

படங்களை எதிர்ச்சுவருக்கு மாற்றவும் வழியில்லை. அதற்குப் பின்னால் கக்கூஸ் இருந்தது. கடைசியில், மற்ற நேரமெல்லாம் செருப்பு, விளக்கேற்றும்போது மட்டும் அதைக் கழற்றிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது என்று முடிவானது. அப்பாவுக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. திருவிழாவிலும் கோயிலுக்கு வெளியே நின்று கடலை வாங்கித் தின்பவர். அப்படிப்பட்டவர் வெள்ளிக்கிழமை தோறும் வேலைத்தலத்திலிருந்து போன் பண்ணி, "விளக்கேத்தப் போறியா, மெயின அணைச்சியா?" என்று கேட்க ஆரம்பித்தார். அம்மா சாமிப் பாட்டுப் பாடும் நேரமெல்லாம் டிவி நின்றுபோனதால், சின்னப் பாட்டாகப் பாடும்படி நான் அம்மாவைக் கெஞ்சினேன்.

செருப்புச் சட்டத்தால் இன்னொரு வம்பும் வந்தது. வாசலில் செருப்பு இல்லையென்றால் வீட்டில் ஆள் இல்லை என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கணக்கு. வட்டவளையிலிருந்து பலாப்பழம் சுமந்து வந்த அத்தை, வெறும் வாசலைப் பார்த்திருக்கிறார். கதவைத் தட்டியும் இருக்கிறார். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டுப் பேசப் போனில் ரீலோட் காசும் இல்லையாம். பழத்தோடு அடுத்த ரயிலில் திரும்பிப்போய், "டவுனுக்குப் போனதும் கதவக்கூட தொறக்க மாட்டேங்கிறாங்க" என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கரண்டு அடித்தபோது அழாத அம்மா அதைக் கேட்டு அழுதார்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கோயில் கமிட்டியில் முக்கியமானவர், நெற்றி நிறைய விபூதி. கூரையைப் பற்றி அப்பா எப்போது கேட்டாலும், "மழ விடட்டும், பாத்துக்கலாம்" என்பார். ஹட்டனில் மழை விட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும்.

அத்தை திரும்பிப்போனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சுண்டல் செய்து, கடை முதலாளியான வீட்டுக்காரரைச் சாமி கும்பிடக் கூட்டிவரும்படி என்னைக் கீழே அனுப்பினார். அவரும் மனம் குளிர்ந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"செருப்ப போட்டுக்கிட்டே வாங்க முதலாளி" என்றார் அம்மா. "செவுத்துல கரண்டு வருது, தரையும் ஈரம்."

"சாமிகிட்ட செருப்போடயா?"

"அப்ப வெறுங்காலோடயே வாங்க, ஒங்க விருப்பம். போன மாசம் என்னைய தூக்கி அடிச்சிருச்சு."

வீட்டுக்காரர் ஒரு காலில் செருப்பை மாட்டினார். முருகன் படத்தைப் பார்த்ததும் கழற்றினார். சுவரில் வழிந்திருந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டினார். அம்மா சுண்டல் தட்டோடு மிகவும் பணிவாக நின்றார். கடைசியில் அவர், "இங்கேயே குடும்மா" என்று வாங்கி, நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் கொட்டுகிற மழையிலேயே வீட்டுக்காரர் அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். சுவர் காய்ந்ததும் வயரிங் பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் மேஸ்திரி ஒருவர் வந்து பழைய வயரையெல்லாம் மாற்றினார். எல்லாம் சுண்டலின் மகிமை என்றே நான் நம்பினேன். பிறகு டிவி பழுதானபோதும் சுண்டல் செய்யச் சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்திருக்கிறேன்.

வேலை முடிந்த அன்று மாலை எங்கள் செருப்புகள் வாசலுக்குத் திரும்பின. எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா வெறுங்காலோடு சாமிப் பலகைக்கு முன்னால் போனார். சாமி பக்கமே வராத அப்பாவும் எழுந்து வந்தார். மெயின் சுவிட்சுக்குக் கீழே நின்று, ஒரு கையைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டு, அம்மா திரியைத் தூண்டி, விளக்கை ஏற்றி, பின்னால் தள்ளி நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இருந்தவரை, அவர் வீட்டில் இருந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் அப்படித்தான் நின்றார்.

அப்பாவுக்கும் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒற்றைக் கையால் கும்பிடுகிறாரே என்பது மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை. அந்தக் குறை தெரியாமல் இருக்கட்டும் என்று, அவர் பக்கத்தில் நின்று, நான் இரண்டு கையாலும் கும்பிட்டேன்.